பிடோக் நீர்த்தேக்கத்தில் ஒரு சுற்று ஓடினால் எத்தனை கலோரி?

ஓட்டத்தில் எத்தனை கலோரி செலவானது என்று அறிய விலை உயர்ந்த கடிகாரம் தேவையில்லை. உங்கள் எடை எத்தனை கிலோ, ஓடியது எத்தனை கிலோமீட்டர், இரண்டையும் பெருக்குங்கள். வருவதுதான் செலவு, உணவுப் பொட்டலங்களில் போட்டிருக்கும் அதே கிலோகலோரிக் கணக்கில். இத்தாலிய உடலியலாளர் மார்கரியாவும் அவர் குழுவும் 1963இல் அளந்து சொன்னது இது. சமதரைக்கு இன்றும் நன்றாகவே பொருந்துகிறது.

என் எடை 64 கிலோ. சிங்கப்பூரில் எங்கள் பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஒரு சுற்று 4.3 கிலோமீட்டர். 64 × 4.3 = 275. இரண்டு சுற்று என்றால் 550.

"நான் வேகமா ஓடுறேனே ஆண்ட்டி, எனக்குக் கூட வராதா?" என்பான் எங்கள் அடுக்குமாடி புளோக் பையன். நிமிடத்துக்குக் கூடத்தான் வரும். ஆனால் அவன் சீக்கிரமே முடித்துவிட்டுக் காப்பிக் கடையில் உட்கார்ந்துவிடுவான். ஒரே தூரம் என்றால் வேகத்தால் பெரிய வித்தியாசம் இல்லை. அவனுக்கு என்னைவிட அதிகம் செலவாவது உண்மைதான், அது எடையால். 85 கிலோ இருக்கிறான், சுற்றுக்கு 365 வரும்.

காலமெல்லாம் பற்று வரவு எழுதிய எனக்கு உறுத்துவது வேறொன்று. இந்தப் பெருக்கல் தருவது நிகரத் தொகை, அதாவது ஓட்டத்துக்காக மட்டும் செலவானது. சும்மா சோபாவில் சாய்ந்திருந்தாலும் உடல் மணிக்கு, கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவழிக்கும். இரண்டு சுற்றுக்கு எனக்கு ஒரு மணி ஐந்து நிமிடம் ஆகிறது. அந்த நேரத்துக்கான 70 கலோரியையும் சேர்த்து 620 என்று காட்டும் செயலிகள் உண்டு. அது மொத்தத் தொகை. எடை குறைக்க ஓடுகிறவர்கள் நிகரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், அந்த 70 எப்படியும் போயிருக்கும்.

நடந்த தூரத்தைத் தனியாகப் பிரியுங்கள். சாதாரண நடைக்குப் பாதிதான். 8.6 கிலோமீட்டரில் கடைசி 1.6ஐ நடந்து முடித்தால் எனக்கு 448 + 51, ஏறக்குறைய 500.

ஏற்றம் இருந்தால் கூட்ட வேண்டும். உயரத்தில் ஒவ்வொரு 10 மீட்டர் ஏறுவதும் சமதரையில் 45 மீட்டர் கூடுதலாக ஓடியதற்குச் சமம். இறக்கத்தில் அதில் கொஞ்சம் கழியும், முழுவதும் கழியாது. குன்றுள்ள புக்கிட் தீமா பக்கம் ஓடுகிறவர்களுக்குத்தான் இது. சமதரையான ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் ஓடுகிறவர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

கடிகாரத்தை ஏன் நம்பவில்லை என்று கேட்பீர்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2017இல் கையில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். இதயத்துடிப்பைப் பெரும்பாலானவை சரியாகவே சொல்லின. கலோரியில் மட்டும் இருப்பதிலேயே நல்ல கருவி சராசரியாக 27 விழுக்காடு தவறியது, மோசமானது 93 விழுக்காடு. நம் ஊரில் இன்னொரு தொல்லையும் உண்டு. விடியுமுன் ஓடினால் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 90 விழுக்காட்டுக்கு மேல். வியர்வை வழிகிறதே தவிர உலர்வதில்லை. சூட்டைத் தணிக்க உடல் தோலுக்கு அதிக ரத்தம் அனுப்பும், அதே வேகத்திலும் இதயம் வேகமாக அடிக்கும். துடிப்பை வைத்துக் கணக்குப் போடும் கடிகாரம், நீங்கள் ஏதோ மலையேறியதாக நினைத்துக்கொண்டு தாராளமாக அள்ளிவிடும். புழுக்கத்துக்கெல்லாம் கொழுப்பு கரையாது. ஓடிவிட்டு வந்து தராசில் ஒரு கிலோ குறைந்தால் அதுவும் தண்ணீர்தான், குடித்ததும் திரும்பிவிடும்.

எடையைக் காலையில் வெறும் வயிற்றில் பாருங்கள். முதுகில் தண்ணீர்ப் பை மாட்டி ஓடினால் அதையும் சேருங்கள். தூரத்துக்கு, நீளம் தெரிந்த சுற்றுப்பாதையே உத்தமம். உயரமான புளோக்குகளுக்கு நடுவே செயற்கைக்கோள் சமிக்ஞை எதிரொலித்து, போகாத தூரத்தையும் போனதாகக் காட்டும்.

வந்த எண்ணை முழுதாக்கி எழுதுங்கள். 553 என்று துல்லியம் காட்டுவதில் பொருளில்லை. ஆளுக்கு ஆள் பத்து விழுக்காடு முன்பின் இருக்கும்.

ஓடி முடித்ததும் தே, அதாவது கெட்டிப்பால் ஊற்றிய தேநீர், குடிப்பவர்களுக்கு: இரண்டு மேசைக்கரண்டி கெட்டிப்பால் ஏறக்குறைய 130 கலோரி. என் எடைக்கு அது இரண்டு கிலோமீட்டர், கிட்டத்தட்ட அரைச் சுற்று. நான் பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங்குக்கு மாறிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விலக்கு.

உடற்பயிற்சிக் கூடத்து ஓடுபொறியிலும் இதே பெருக்கல்தான். உங்கள் எடையைக் கேட்காத பொறி காட்டும் கலோரியைப் பொருட்படுத்தாதீர்கள். கைப்பிடியில் சாய்ந்துகொண்டு ஓடினாலோ, இந்தக் கணக்கும் செல்லாது.