வன்னியில் ஓர் அந்நியக் கணவன்: திரில்லர் எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முன்பின் அறியாத ஒருவரைக் கட்டிக்கொண்டு, அவர் யார் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டுபிடிக்கும் பெண்ணின் கதை, உளவியல் திரில்லரில் என்றைக்கும் செல்லுபடியாகும் கதை. குறிப்புப் பொருந்தி, போனில் நாலு தரம் கதைத்து, அடுத்த நல்ல நாளில் தாலி ஏறுகிற எங்கள் ஊர்களில் இதற்குக் கரு தேடி அலையத் தேவையில்லை. ஆனாலும் இலங்கையின் வடக்கில் உள்ள வன்னியைக் களமாக வைத்து இப்படி எழுத வருகிறவர்கள் திரும்பத் திரும்பச் சறுக்கும் இடங்கள் சில உண்டு.

முதல் சறுக்கல்தான் பெரியது: மௌனத்தையே துப்பாக வைப்பது. மாப்பிள்ளை தன் பழைய வாழ்க்கையைப் பற்றி வாய் திறப்பதில்லை. சிறு வயதுப் படம் ஒன்றுகூட அவரிடம் இல்லை. பிறப்புச் சான்றிதழ் பிறகு எடுத்தது. சாமத்தில் திடுக்கிட்டு எழும்புகிறார். வேறு ஊர்க் கதையில் இவ்வளவும் போதும், வாசகருக்கு அவர்மேல் சந்தேகம் வந்துவிடும். வன்னியில் வராது. போரின் கடைசியில், 2008இலும் 2009இலும் ஊர் ஊராக இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை போனவர்கள், பெட்டியையும் படத்தையும் பத்திரத்தையும் வழி வழியே விட்டுவிட்டுத்தான் போனார்கள். புனர்வாழ்வு முகாம்களிலிருந்து வெளியே வந்த முன்னாள் போராளிகள் மட்டும் சுமார் 12,000 பேர். அவர்களில் எத்தனையோ பேர் பழையதைக் கதைக்காமலே குடும்பம் நடத்துகிறார்கள். உடம்பில் ஷெல் துண்டோடு இருக்கிறவர் இரவில் முனகுவதும் பட்டாசுச் சத்தத்துக்கு வீட்டுக்குள் ஓடுவதும் இங்கே மர்மம் அல்ல. வன்னி வாசகர் அதைப் படித்தால் இரக்கப்படுவார்.

அந்த இரக்கம்தான் எழுத்தாளருக்குக் கிடைக்கிற மிகப் பெரிய வாய்ப்பு என்பது என் எண்ணம். உண்மையான துப்பை வாசகர் இரக்கப்படுகிற இடத்துக்குள் ஒளித்து வையுங்கள். கணவர் ஒரு பெயரைக் கேட்டதும் எழுந்து போகிறார். மனைவியும் வாசகரும் பாவம், யாரையோ இழந்திருக்கிறார் என்று விட்டுவிடுகிறார்கள். பத்து அத்தியாயம் கழித்து, இழப்பைக் கதைக்க முடியாத மனிதர் வேறு, கேள்வி வராமல் இருக்க இழப்பைப் பாவிக்கிற மனிதர் வேறு என்று தெரிய வேண்டும். இந்த இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசத்தை நுணுக்கமாகக் காட்டத் தெரிந்தால் பாதிக் கதை எழுதியாயிற்று. முதலாமவருக்கு அந்தத் துயரம் நேரம் காலம் பார்க்காமல் வரும், தனக்கு நட்டமான இடத்திலும் வரும். இரண்டாமவருக்கு மனைவி காசைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் வரும்.

இதோடு ஒட்டிய தவறு, கடைசியில் அவருக்கு மனநோய் என்று சொல்லி முடிப்பது. இதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களின் கூட்டு மனவடு பற்றி 2010இல் ஆய்வுக் கட்டுரை எழுதினார். தனி மனிதர் மட்டுமல்லாமல் குடும்பமும் ஊருமே எப்படிக் காயப்பட்டன என்பதை அது பேசுகிறது. அப்படிப்பட்ட மண்ணில் கிளினிக்குக்குப் போய் மருந்து எடுக்கிறவரைக் கொலைகாரராக்கினால், அதைப் படிக்கிற யாரோ ஒருவர் அடுத்த மாதம் கிளினிக்குக்குப் போக வெட்கப்படுவார். கதையாகப் பார்த்தாலும் அது சோம்பல். நிதானமாக, தெளிந்த புத்தியோடு ஒருவர் இன்னொருவரைச் சிறைப்படுத்துவதுதான் கூடுதல் பயம் தரும்.

அடுத்தது வீடு. ஆங்கிலக் கதைகளைப் படித்துவிட்டு எழுதுகிறவர்கள் பெரிய பழைய மாளிகை, பூட்டிய மேல்மாடி அறை, கிழட்டு வேலைக்காரி என்று தொடங்குகிறார்கள். வன்னியில் இதை எங்கே வைப்பது? போருக்குப் பிறகு எழும்பிய வீடுகளில் பெரும்பகுதி வீட்டுத்திட்ட வீடுகள். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது 5,50,000 ரூபாய். இரண்டு அறை, ஒரு விறாந்தை, ஒரு குசினி. அதில் பூட்டி வைக்க அறை கிடையாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தக் கதைகளில் பெண் அவனுடைய வீட்டுக்குள் போகிறாள். எங்கள் பக்கத்தில் பல குடும்பங்களில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகிறது, மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியிருக்கிறார். ஆக, அந்நியர் உங்கள் வீட்டுக்குள் வருகிறார். இதைப் பிடித்துக்கொண்டால் யாரும் எழுதாத ஒரு திரில்லர் கையில் இருக்கிறது. ஒரு ட்ராவலிங் பேக்கோடு வருகிறார். முதல் கிழமை படலைக்குப் புதுக் கொளுக்கி போடுகிறார், எல்லாருக்கும் சந்தோஷம். பிறகு கொளுக்கியில் பூட்டுத் தொங்குகிறது, யானை வருகிற காலம் என்கிறார். குரைத்துக்கொண்டு திரிந்த நாய் பின்வளவில் கட்டப்படுகிறது. பக்கத்து வளவு அக்கா தண்ணீர் அள்ள வருகிற வேலிப் பொட்டு அடைபடுகிறது. அம்மாவை மூத்த மகள் வீட்டில் கொஞ்ச நாள் நிற்கச் சொல்கிறார், மரியாதையாகத்தான் சொல்கிறார். அவள் பிறந்த வளவிலேயே அவளுக்கு வழி தெரியாமல் போகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நியாயமான காரணம் இருக்க வேண்டும், அதுதான் இந்த வகைக் கதையின் நுட்பம்.

துப்பு வைக்கும் முறையிலும் பலர் அவசரப்படுகிறார்கள். கட்டிலுக்கு அடியில் இரத்தக் கறை, அலுமாரியில் இன்னொரு பெண்ணின் தாலி! இப்படி வைத்தால் மூன்றாம் பக்கத்திலேயே கதை முடிந்துவிடும். பற்றிக் ஹமில்டன் எழுதி 1938இல் இங்கிலாந்தில் மேடையேறிய ‘காஸ் லைட்’ நாடகத்தைப் பாருங்கள். கணவன் வெளியே போவதாகச் சொல்லிவிட்டு, மேல்மாடியில் விளக்கேற்றி, முன்பு கொலையுண்ட ஒருத்தியின் நகைகளைத் தேடுகிறான். மேலே ஒரு விளக்கு எரிந்தால் கீழே காஸ் குறைந்து வெளிச்சம் மங்கும். அவ்வளவுதான் துப்பு. வீட்டின் சாதாரண இயக்கமே அவனைக் காட்டிக் கொடுக்கிறது.

இதை அப்படியே எடுக்காமல், உங்கள் களத்தில் அதற்குரிய பொருளைத் தேடுங்கள். இரவு சோறு போடும்போது குசினி பல்ப் ஒரு கணம் மங்கிப் பிறகு தெளிகிறது. கிணற்றடியில் மோட்டர் போட்டால் இப்படித்தான் ஆகும் என்று அந்த வீட்டில் பிறந்தவளுக்குத் தெரியும். அவர் கை கழுவிக்கொண்டு உள்ளே வருகிறார்.

“மோட்டர் போட்டனீங்களோ?”

“ஓம், மிளகாய்க்குத் தண்ணி விட்டனான். நீர் சாப்பிட்டீரே?”

வெளியே மூன்று நாளாக மாரி மழை. மிளகாய்ப் பாத்திக்குள் தண்ணீர் தேங்கி நிற்கிறது. அவள் ஒன்றும் சொல்லாமல் கறியை எடுத்து வைக்கிறாள். மழை நேரத்தில், இருட்டில், நிறைந்த கிணற்றை ஒருவர் ஏன் இறைக்க வேண்டும்? இந்தக் கேள்வியை எழுத்தாளர் கேட்கக் கூடாது, வாசகர் தானே கேட்க வேண்டும்.

நோக்கம் என்று வரும்போது காணிதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். தோன்றட்டும், ஆனால் சட்டத்தைப் படிக்காமல் எழுத வேண்டாம். கலியாணம் முடித்த கையோடு காணியை விற்றுவிட்டு ஓடினான் என்று எழுதினால் வன்னி வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். குடியேற்றத் திட்டக் காணிகள் பெரும்பாலும் பெர்மிட் காணிகள், அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தவை. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. ஆனால் பெர்மிட் வைத்திருப்பவர் இறந்தால் அந்தக் காணியை ஆண்டு அனுபவிக்கும் உரிமை வாழ்க்கைத்துணைக்கு வருகிறது. விற்க முடியாத காணி, மனைவி இருக்கும்வரை அவளுடையது. இதில் எவ்வளவு பயம் இருக்கிறது என்று பாருங்கள்.

சொந்த உறுதிப்பத்திரம் உள்ள உறுதிக் காணி என்றால் வேறு கதை. வடக்குத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட பெண், கலியாணமானபின் தன் பெயரில் உள்ள வீட்டையோ வயலையோ விற்க, ஈடு வைக்க, கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. நியாயமில்லாமல் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம், ஆனால் அதற்கு அவள் படலையைத் தாண்ட வேண்டுமே. அந்தக் கையெழுத்து ஒன்றே ஒரு முழு அத்தியாயத்தைத் தாங்கும்.

காணாமல் ஆக்கப்பட்ட முதல் கணவர் திரும்பி வருகிறார் என்ற திருப்பத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தாய்மார் தொடங்கிய போராட்டம், பிள்ளைகளும் கணவர்மாரும் எங்கே என்று கேட்டுத் தொடங்கியது. பதில் காணாமலே செத்துப்போன தாய்மார் இருக்கிறார்கள். அவர்கள் வாழ்நாளெல்லாம் காத்திருக்கும் கதவுத் தட்டலை நீங்கள் 200ஆம் பக்கத்து அதிர்ச்சிக்காகப் பாவிக்கக் கூடாது. எழுதியே ஆக வேண்டுமென்றால் அது கதையின் மையமாக இருக்கட்டும், முழுப் பாரத்தோடும் இருக்கட்டும். போர்க்கடைசியில் ஆட்சேர்ப்புக்குப் பயந்து பெற்றோர் அவசர அவசரமாகச் செய்து வைத்த கலியாணங்களும் அப்படித்தான். கலியாணப் பதிவு இல்லை, சாட்சி இல்லை, பலருக்கு இன்று துணையும் இல்லை. “உனக்கு முன்னமே கலியாணம் ஆனது” என்பதை அவமானமாகக் காட்டாமல் எழுதத் தெரிந்தவருக்கு அங்கே ஆழமான கதை இருக்கிறது.

தனிமையை உண்டாக்குவதில் கவனம் வேண்டும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்தில் காட்டோரக் குடியேற்றம் என்றாலும், புது மாப்பிள்ளை எத்தனை மணிக்குக் கடைக்குப் போனார் என்று பின்னேரத்துக்குள் ஊருக்கே தெரியும். சத்தம் போட்டால் நாலு பேர் வருவார்கள். ஆகவே அவளைத் தனிமைப்படுத்துவது தூரம் அல்ல. “நீ திரும்பி வந்தால் தங்கச்சிக்கு யார் வருவினம்?” என்ற தாயின் ஒரு சொல் போதும். உண்மையிலேயே ஊர் ஆளில்லாமல் இருக்க வேண்டுமென்றால் வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல் இரவை எடுங்கள். வெள்ளம் வேண்டுமென்றால் 2018 டிசம்பர் இருக்கிறது, இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தண்ணீரில் நின்ற மாதம்.

காலத்தைச் சரிபாருங்கள். 2011இல் நடக்கும் கதையில் ஒருவர் கொழும்பிலிருந்து ரயிலில் வந்து கிளிநொச்சியில் இறங்க முடியாது, 1990இல் நின்ற யாழ்தேவி 2013 செப்டெம்பரில்தான் கிளிநொச்சிக்குத் திரும்பியது. பேச்சும் அப்படியே. சென்னை சீரியல் தமிழில் கணவன் மனைவி கதைத்தால் பயம் போய்விடும்.

நாயகியை விபரமில்லாதவளாக்குவதும் வேண்டாம். ஏன் சம்மதித்தாள் என்பதற்கு நியாயமான காரணம் கொடுங்கள். தகப்பன் இல்லை, தாய்க்கு இயலாது, வயது முப்பதைத் தாண்டுகிறது, வந்தவர் சீதனம் கேட்கவில்லை. சீதனம் கேட்காததை எல்லாரும் புண்ணியமாகப் பார்த்தார்கள் என்றால் வாசகரும் அப்படியே பார்ப்பார். அவரை விசாரிக்காமலும் விடவில்லை. கிராம அலுவலரிடம் கேட்டார்கள், கோயில் ஐயரிடம் கேட்டார்கள். எல்லாரும் நல்ல பெடியன் என்றார்கள், ஏனென்றால் எல்லாருக்கும் அவரை மீள்குடியேறிய பிறகுதான் தெரியும்.

கடைசியில் முடிவு. பொலிஸ் வந்து, அவர் முழுக் கதையையும் தானே ஒப்புவித்து, அவள் அழுதுகொண்டு தாய் வீட்டுக்குப் போகும் முடிவை விட்டுவிடுங்கள். இது அவளுடைய வீடு, அவள் ஏன் போக வேண்டும்? 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றம் பாதுகாப்புக் கட்டளை கொடுத்து, அவர் அந்த வீட்டுக்குள் வரக் கூடாது என்று தடுக்கலாம். கட்டளை கிடைத்த அன்று பின்னேரம் பஸ்ஸில் வந்து இறங்குகிறாள். படலைத் திறப்பு இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. பக்கத்து வளவு அக்காவைக் கூப்பிட்டு, அடைத்த பொட்டை இரண்டு பேருமாகப் பிரிக்கிறார்கள். அதன்பிறகு அவர் வருவாரா இல்லையா என்பதை நீங்கள் தீர்மானியுங்கள்.