டேஷ்கேம் வயரைக் கண்ணில் படாமல் இழுப்பது எப்படி?

காரின் முன் கண்ணாடியில் ஒட்டிச் சாலையைப் படம்பிடிக்கும் கேமராதான் டேஷ்கேம். அதை ஒட்டுவது ஐந்து நிமிட வேலை, ஆனால் அதன் வயர் கண்ணாடியிலிருந்து கியர் பக்கத்துச் சாக்கெட் வரை கொடிக்கயிறு மாதிரி தொங்கினால் பார்க்கவே சகிக்காது. நான் முதலில் செலோடேப் போட்டேன். மே மாத வெயிலில் ஒரு மதியம் காரை நிறுத்தியதும் எல்லாம் பிசுபிசுத்துக் கழன்று விழுந்தது.

தேவை: பழைய ஏடிஎம் கார்டு, நான்கைந்து கேபிள் டை, கொஞ்சம் துணி டேப். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், பீடிங்கை, அதாவது கதவோர ரப்பர் பட்டையைக் கிழித்துவிடும்.

முதலில் வயரைத் தொங்கவிட்டே கேமரா ஓடுகிறதா என்று பாருங்கள். அப்புறம் கேமரா முனையிலிருந்து தொடங்குங்கள், அப்போதுதான் மிச்ச வயர் கீழே சேரும். கண்ணாடியும் ரூஃப் லைனிங்கும் சேரும் இடுக்கில் கார்டால் மெல்ல அழுத்தி, இடப்பக்கமாகக் கொண்டுபோங்கள். ஓட்டுநர் பக்கம் வேண்டவே வேண்டாம். வயர் நழுவி பிரேக் பெடலில் சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்து முன் தூண், அதாவது ஏ பில்லர். இங்கேதான் கவனம் வேண்டும். தூணில் 'ஏர்பேக்' என்று எழுதியிருந்தால் உள்ளே திரை ஏர்பேக், அதாவது மோதலில் பக்கக் கண்ணாடியை மறைத்துத் திரை போல விரியும் காற்றுப்பை இருக்கிறது. 2024இல் வந்த புது மாருதி ஸ்விஃப்டில் அடிப்படை மாடலிலேயே இதையும் சேர்த்து 6 ஏர்பேக். திரை ஏர்பேக்கின் முன்னால் வயர் போனால் ஏர்பேக் விரியும்போது தடுக்கும், அல்லது வயர் முகத்தில் அடிக்கும். வயர் ஏர்பேக்குக்குப் பின்னால்தான் போக வேண்டும், புதிதாகச் செய்பவர்கள் இந்த ஒரு இடத்தை மட்டும் விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். ஏர்பேக் இல்லாத தூண் என்றால் கதவு பீடிங்கை லேசாக விலக்கி உள்ளே செருகினால் போதும்.

கீழே வந்ததும் கிளவ் பாக்ஸுக்கு அடியில் ஏற்கெனவே ஓடும் வயர்க் கட்டோடு சேர்த்து டை போடுங்கள், இறுக்கி நெரிக்காமல். மிச்சத்தை உள்ளங்கை அளவுக்குச் சுருட்டி, துணி டேப் சுற்றிச் செருகுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் கடகடவென்று சத்தம் வரும். ஏசி புளோயர் பக்கம் மட்டும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாக்கெட்டில் செருகிய பிறகு சாவியை எடுத்துப் பாருங்கள். கேமரா விளக்கு அணையாமலே இருந்தால், அந்தச் சாக்கெட்டுக்கு எப்போதும் கரண்ட் வருகிறது என்று அர்த்தம். இறங்கும்போதெல்லாம் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், இல்லையென்றால் நாலு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் பேட்டரி இறங்கியிருக்கும்.