மலையகத்திலிருந்து திருகோணமலை போறவங்களுக்கு

அட்டன், நுவரெலியா பக்கம் மழை விடாமல் கொட்டுகிற ஜூன், ஜூலையில்தான் திருகோணமலையில் நல்ல வெயில், கடலும் அமைதி. அதனால் டிசம்பர் லீவுக்கு வேன் பேசிக்கொண்டு போகிற பழக்கத்தை முதலில் விடுங்கள். அப்போது அங்கே வடகீழ்ப் பருவமழை, கடலில் கால் வைக்கவே பயமாக இருக்கும். ஓகஸ்ட் லீவு பொருத்தம்.

பஸ் என்றால் கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் மாறவேண்டும். அங்கிருந்து மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று போகும். சொந்த வாகனக்காரர்கள் ஹபரணை தாண்டி இருட்டில் ஓட்டாதீர்கள், யானை ரோட்டிலேயே நிற்கும். இரவோடிரவாகப் போய்ச் சாமி கும்பிட்டுக் கடலில் குளித்து அன்றைக்கே திரும்புவது உடம்புக்குத்தான் கேடு, ஒரு இரவாவது தங்குங்கள்.

வெயில் ஏறுமுன் கோணேஸ்வரம். கோயிலுக்குப் பிரட்றிக் கோட்டை வழியாகத்தான் போகவேண்டும், எல்லோரும் சாமியை நினைத்துக்கொண்டு கோட்டை வாசலைக் கவனிக்காமலே நடந்துவிடுவார்கள். கொஞ்சம் நில்லுங்கள். பழைய கோயிலை இடித்த கல்லை வைத்துத்தான் போர்த்துக்கேயர் 1624 அளவில் இதைக் கட்டினார்கள். வாசல் கல்லில் செதுக்கிய மீனும் தமிழ் எழுத்தும் இன்னும் இருக்கிறது, தேடினால் கிடைக்கும். அப்புறம் ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயர், இன்றைக்கும் உள்ளே இராணுவம். முகாம் பக்கம் போனைத் தூக்கிப் படம் எடுக்காதீர்கள். மான்கள் பக்கத்தில் வந்து கையைப் பார்க்கும், சாப்பாட்டைப் பையோடு போட்டுவிடாதீர்கள், அது பையையும் சேர்த்தே விழுங்கும்.

மத்தியானத்துக்கு மேல் ஒரு ஆட்டோ பேசி சீனன்குடா பக்கம் போங்கள். நம்ம ஆட்கள் அநேகமாக விட்டுவிடுகிற இடம் இதுதான், எனக்கோ திருகோணமலையில் இதுதான் பிடித்தது. இரண்டாம் உலகப்போருக்கு முன்னே ஆங்கிலேயர் தங்கள் கடற்படைக்காகக் காட்டுக்குள் எண்ணெய்க் குதங்கள் கட்டத் தொடங்கினார்கள், மொத்தம் 101, ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 12,000 தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டபோது அதில் ஒன்று எரிந்து போனது. 2022 ஒப்பந்தப்படி, இன்றைக்கு மிஞ்சிய 99இல் 14 இந்திய எண்ணெய்க் கம்பனியான லங்கா ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்து நடத்தும் கம்பனிக்கு. அனுமதியில்லாமல் உள்ளே விடமாட்டார்கள், வாக்குவாதம் வேண்டாம். அதே குடாவில்தான் 1980இல் ஓடத் தொடங்கிய பிறீமா மா ஆலை. லயத்தில் விடிய எழும்பி ரொட்டி தட்டுகிறோமே, அந்தக் கோதுமை மாவில் பெரும்பங்கு இங்கே அரைபட்டு நம்ம கடைக்கு வருவது. பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்லுங்கள், கோயில் கதையைவிட இதை நன்றாகக் கேட்பார்கள்.

அடுத்த நாள் காலை நிலாவெளி. போகிற ரோட்டிலேயே போர் வீரர் மயானம் வரும், பத்து நிமிஷம் இறங்கிப் பார்க்கலாம். நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கிற புறாத்தீவு 2003இலிருந்து தேசிய பூங்கா, வனஜீவராசிகள் திணைக்களத்தில் டிக்கெட் எடுத்துப் படகில் போகவேண்டும். படகு வாடகையை ஏறுமுன்னே பேசி முடியுங்கள். பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாது. தண்ணீருக்குள் கால் ஊன்ற இடம் தேடிப் பவளப்பாறை மேல் ஏறி நிற்பவர்கள் நிறைய. அது கல் இல்லை, உயிர், மிதித்தால் உடையும், உங்கள் காலையும் கிழிக்கும். நீச்சல் தெரியாவிட்டால் தீவை விடுங்கள், உப்புவெளிக் கடற்கரையில் இடுப்பளவு தண்ணீர் போதும். ஆற்றுக் குளியலை நம்பிக் கடலில் துணிச்சல் காட்டவேண்டாம்.

கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழும் அரைமணி நேர வேலை. நேரம் மிஞ்சினால் மூதூர் ரோட்டில் போங்கள், மகாவலியைக் கடக்கலாம். நம்ம மலையில் பெய்த மழை 335 கிலோமீற்றர் ஓடிக் கொட்டியாரக் குடாவில்தான் கடலோடு சேர்கிறது.

கருவாடு வாங்காமல் யாரும் திரும்பமாட்டீர்கள், தெரியும். வளைத்துப் பாருங்கள், ஈரமாக வளைந்தால் வேண்டாம். பேப்பரில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிப் பைக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் கண்டி வரைக்கும் பஸ்ஸில் திட்டு வாங்கவேண்டும். வீட்டில் ஈரக்காற்றில் ஒரு கிழமையிலேயே பூஞ்சணம் பிடிக்கும், வந்த அன்றைக்கே அடுப்புக்கு மேலே தொங்கவிடுங்கள்.