மைக்ரோமொசைக் நகை: கழுவாதீர்கள், படத்தை வைத்து வயது சொல்லாதீர்கள்

மைக்ரோமொசைக் என்பது பொடிக் கண்ணாடித் துணுக்குகளை நெருக்கிப் பதித்துப் படம் உருவாக்கிய நகை. அப்படிப்பட்ட பழைய ப்ரூச் (ஆடையில் குத்தும் ஊசி நகை) கைக்கு வந்ததும் பலர் முதலில் செய்வது, அதைச் சோப்புத் தண்ணீரில் முக்குவதுதான். தயவுசெய்து வேண்டாம். ஒலி அதிர்வால் நகை கழுவும் அல்ட்ராசோனிக் மெஷினில் போடவே கூடாது.

காரணம், அது செய்யப்பட்ட விதம். ரோமில் புனித பேதுரு பேராலயத்து ஓவியங்கள் ஈரத்தில் கெட்டுப்போக, அவற்றுக்குப் பதிலாக மொசைக் படங்களைப் பதித்தார்கள். அந்தக் கைத்திறன்தான் பிறகு நகைக்குள் வந்தது. 1775-இல் மொசைக் கலைஞர் ஜாகோமோ ரஃபாயெல்லி தன் மைக்ரோமொசைக் வேலைகளை ரோமில் காட்சிக்கு வைத்தார். வண்ணக் கண்ணாடியைத் தீயில் இளக்கி, நூல்போல இழுத்து, ஆறியபின் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துணுக்குகளாக நறுக்குவார்கள். செம்புத் தட்டில் ஆளி விதை எண்ணெய் சேர்ந்த பசையைப் பரப்புவார்கள். அது மெதுவாகத்தான் இறுகும் என்பதால் சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பொறுமையாக நட நேரம் கிடைக்கும். அப்புறம் இடுக்குகளில் வண்ண மெழுகை அடைத்து மெருகேற்றுவார்கள். உயர்ந்த வேலைப்பாட்டில் ஒரு சதுர அங்குலத்துக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துணுக்குகள் இருக்கும்.

ஆக, கண்ணில் படுவது கண்ணாடி. அதைப் பிடித்து வைத்திருப்பது பசையும் மெழுகும். ஈரம் இறங்கினால் பிடிப்பு தளரும், சூடு பட்டால் மெழுகு இளகும். பின்பக்க ஊசி உடைந்திருந்தாலும் அப்படியே பற்றவைக்கக் கொடுத்துவிடாதீர்கள். தூசி தட்ட உலர்ந்த மெல்லிய தூரிகை போதும்.

ஃப்ளோரன்ஸ் நகரத்துக் கல்பதிப்பு நகையை மைக்ரோமொசைக் என்று நினைத்து வாங்குவதும் நடக்கிறது. லென்ஸ் வைத்துப் பாருங்கள்: அதில் ஒரு பூவிதழ் ஒரே கல் சீவல், இதில் அந்த இதழுக்குள்ளேயே பல துணுக்குகள் தெரியும்.

படத்தைப் பார்த்து வயது சொல்வது இன்னொரு தவறு. கிண்ணத்தைச் சுற்றி நான்கு புறாக்கள் உட்கார்ந்திருக்கும் காட்சி, 1737-இல் ரோமப் பேரரசர் ஹேட்ரியனின் மாளிகை இடிபாடுகளில் கிடைத்த பழைய மொசைக்கிலிருந்து வந்தது. அதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தார்கள். ரோமின் கொலோசியம் அரங்கப் படமும் அப்படியே. படத்தைவிடத் துணுக்கின் அளவையே நம்பலாம். துணுக்குகள் பெரிதாக, வரிசை கோணலாக, பித்தளைச் சட்டத்தில் இருந்தால் பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டுச் சுற்றுலாச் சரக்கு.

கடைசியாக, விளக்கடியில் சாய்த்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். துணுக்கு உதிர்ந்த இடத்தில் பெயின்ட் தடவியிருந்தால் அந்த இடம் மட்டும் மங்கலான திட்டாகத் தெரியும். என்னைக் கேட்டால், அப்படிப் பூசி மறைத்ததைவிட இரண்டு துணுக்கு போய் அப்படியே விடப்பட்ட நகைக்கே கூடுதல் விலை கொடுப்பேன்.