சாவி போட்டதும் கார் உதறுகிறதா? மவுண்ட்டை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

போன பங்குனியில் எங்கள் பெட்ரோல் கார், ஸ்டார்ட் செய்ததும் கோயில் கொடையில் சாமியாடி மாதிரி உதறியது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் இன்ஜினைத் தாங்கி அதிர்வை வாங்கும் ரப்பர் மவுண்ட்டை மாற்றினார்கள். உதறல் அப்படியே இருந்தது. அப்புறம் அம்பாசமுத்திரத்தில் இன்னொரு மெக்கானிக் சத்தத்தைக் கேட்டதுமே, "மிஸ்ஸிங் அடிக்குதே அண்ணாச்சி, பிளக்கக் கழத்திப் பாத்தியளா?" என்றார். ஒரு சிலிண்டரில் பெட்ரோல் ஒழுங்காகப் பற்றாமல் விட்டுப்போவதுதான் மிஸ்ஸிங்; அதைப் பற்றவைக்கும் தீப்பொறியைத் தருவது பிளக். அவர் பார்த்த வரிசையைத்தான் இங்கே சொல்கிறேன்.

1. ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள்

காலையில், ஏசியை அணைத்துவிட்டு, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்யுங்கள். குளிர்ந்த இன்ஜின் முதலில் 1,200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 1,200 சுற்று) பக்கம் ஓடும். ஓரிரு நிமிடத்தில் 700–900க்கு இறங்கிவிடும். அதுவரை லேசான அதிர்வு இருந்தால் பயமில்லை. மூன்று சிலிண்டர் வண்டி என்றால் எப்போதுமே கொஞ்சம் கூடுதலாக ஆடும், அது அதன் பிறவிக்குணம்.

சூடான பிறகும் முள் ஏறி இறங்கினால் காற்று, பெட்ரோல், தீப்பொறி இந்த மூன்றில் ஏதோ ஒன்றில் கோளாறு. முள் அசையாமல் நிற்க, வண்டி மட்டும் அதிர்ந்தால் மவுண்ட்டைச் சந்தேகிக்கலாம். இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைக் கெடுத்துவிடும்; அதன் விலை தலைசுற்ற வைக்கும்.

2. பானட்டைத் திறங்கள்

இன்ஜினை அணைத்து, ஆறவிட்டுத் திறங்கள். ஏர் ஃபில்டரில் தூசி அடைத்திருக்கிறதா, ரப்பர் குழாய் எதுவும் கழன்றோ வெடித்தோ இருக்கிறதா என்று பாருங்கள். வயலோரத்தில் நிறுத்துகிறவர்கள் வயர்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பிசான அறுப்பு முடிந்ததும் வயல் எலிக்கு நெல் போய்விடும், நம் வண்டி கிடைத்துவிடும்.

3. பிளக்கைக் கழற்றுங்கள்

பிளக்கின் மேல் உட்கார்ந்து அதற்கு மின்சாரம் தரும் காயிலின் கனெக்டரில் இருக்கும் பூட்டை அழுத்தி உருவுங்கள். போல்ட்டைக் கழற்றி, காயிலை நேராக மேலே இழுங்கள். பிளக் குழியில் கிடக்கும் தூசியை ஊதிவிட்டு, பிளக் சாக்கெட்டால் கழற்றுங்கள். எது எந்தச் சிலிண்டருடையது என்று எண் போட்டு வரிசையாக வையுங்கள்.

முனை இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் சரியாக எரியவில்லை. பெட்ரோலில் நனைந்திருந்தால் பெரும்பாலும் அந்தச் சிலிண்டரில் தீப்பொறி இல்லை. எங்கள் வண்டியில் இரண்டாவது நனைந்திருந்தது.

பிளக் நனைந்திருந்த சிலிண்டரின் காயிலைப் பக்கத்துச் சிலிண்டரின் காயிலோடு மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் காயில்தான் போயிருக்கிறது. எங்களுக்கு மாறவில்லை, வயர் உறைக்குள்ளே எலிப் பல் தடம்.

திரும்பப் போடும்போது முதலில் கையாலேயே திருகுங்கள். எடுத்த எடுப்பிலேயே ஸ்பானரை வைத்து அழுத்தினால் அலுமினிய ஹெட்டின் மரை போய்விடும்.

4. கடைசியாக மவுண்ட்

ஸ்டார்ட் செய்யும்போதும் அணைக்கும்போதும் 'டக்' என்று இடிக்கிறதா? ரப்பர் வெடித்திருக்கிறதா, எண்ணெய் கசிகிறதா? அப்படியென்றால் மாற்றுங்கள். கழற்றிய பழையதைக் கேட்டு வாங்கி, ரப்பரைப் பாருங்கள். நான் கேட்கவில்லை.