கொல்லிமலைக்கு பைக்கில் ஒரு உதவி ரைடு: எப்படிப் போவது, எங்கே தங்குவது, எதைக் கொடுப்பது

நண்பர்கள் சேர்ந்து பைக்கில் போய் ஒரு பள்ளிக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டு வருவதைத்தான் உதவி ரைடு என்கிறோம். அப்படி ஒன்று முடிவானதும் நான் செய்கிற முதல் வேலை, போகிற ஊரின் பள்ளித் தலைமையாசிரியருக்குப் போன் போடுவதுதான். வண்டி சர்வீஸ், டென்ட், எந்த வழி, எத்தனை பேர் என்பதெல்லாம் அப்புறம். சேலத்தில் நானும் வீட்டுக்காரரும் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறோம். கடைக்கு வரும் பிள்ளைகள், "அக்கா, கொல்லிமலைக்கு ரைடு போறோம். ஸ்கூலுக்குக் குடுக்க நோட்டு வாங்கியாச்சு. வண்டில எப்படிக் கட்டுறது?" என்று கேட்பார்கள். கட்டும் விதத்தைச் சொல்வதற்கு முன்னால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "நோட்டு வேணும்னு அங்க யாரு சொன்னாங்க?"

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பாடநூல், நோட்டு, சீருடை, புத்தகப்பை, காலணி எல்லாம் அரசே இலவசமாகக் கொடுக்கிறது. மலைப்பகுதிப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டரும் உண்டு. நாம் ஆசையாக வாங்கிக்கொண்டு போகும் நோட்டு, அங்கே ஏற்கெனவே அடுக்கியிருக்கும் கட்டுக்கு மேல் இன்னொரு கட்டாகப் போய் உட்காரும். கேட்டுப் பார்த்தால் வேறு பட்டியல் வரும். மலைமேல் இருக்கும் ஒரு உண்டு உறைவிடப் பள்ளி ஆசிரியர் என்னிடம் சொன்னது இது: "நோட்டு வேண்டாங்க. பசங்க விரிச்சுப் படுக்கப் பாய் இருந்தா நல்லாருக்கும். ராத்திரி கரண்ட் போனா எரிய ரெண்டு சார்ஜ் லைட்டு. முடிஞ்சா ஒரு வாலிபால் நெட்டு." இதை ஊரில் உட்கார்ந்துகொண்டு யாராலும் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே குறைந்தது ஒரு மாதம் முன்பே பேசிவிடுங்கள். தேர்வு நேரம், விடுமுறை, பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நாள் எது என்று கேளுங்கள். நாம் லீவு பார்த்து ஞாயிற்றுக்கிழமை போவோம். பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். யார் யார் வருகிறோம் என்று பெயரும் போன் நம்பரும் போட்டு ஒரு கடிதம் கொடுத்துவிடுவது நல்லது. பெரிய தொகையோ கட்டட வேலையோ என்றால், பள்ளிக்கல்வித் துறை 2022-இல் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் வழியாகச் செய்யலாம். சின்ன உதவிக்குத் தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் போதும்.

பணம்

இதில் கறாராக இருக்க வேண்டும். பெட்ரோல், சாப்பாடு, தங்குமிடம், டி-ஷர்ட் எல்லாம் அவரவர் கைக்காசு. உதவிக்கென்று வந்த பணத்தில் ஒரு டீகூடக் குடிக்கக் கூடாது. முடிந்தவரை பணம் உங்கள் கணக்குக்கு வராமலே பார்த்துக்கொள்ளுங்கள். பாய் வாங்கும் கடைக்காரர் நம்பரைக் குரூப்பில் போட்டு, கொடுப்பவர்கள் நேரடியாக அவருக்கே அனுப்பட்டும். பில்லைப் போட்டோ எடுத்துப் போடுங்கள்.

யாராவது வரிவிலக்கு ரசீது கேட்டால், நண்பர்கள் குழுவால் அதைக் கொடுக்க முடியாது. 80ஜி பதிவுள்ள அறக்கட்டளைக்குத்தான் அந்த உரிமை. அங்கேயும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் விலக்குக் கிடைக்காது. வெளிநாட்டுப் பணம் இன்னும் நுட்பமான விஷயம். துபாயில் வேலை பார்க்கும், இந்தியக் குடியுரிமை உள்ள அண்ணன் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகிவிடும். 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அதற்குத் தனிப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். சித்தப்பாவின் நல்ல மனசுக்கு நன்றி சொல்லி, அந்தப் பதிவுள்ள தொண்டு நிறுவனத்தைக் காட்டிவிடுங்கள்.

பொருளே தூக்காத உதவி ரைடும் உண்டு. 2012-இல் சிட்னியில் தொடங்கிய 'டிஸ்டிங்குவிஷ்டு ஜென்டில்மேன்ஸ் ரைடு' அப்படித்தான். கோட்டும் டையும் போட்டுக்கொண்டு பழைய பாணி பைக்கில் ஊரைச் சுற்றுவார்கள். ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் மனநலத்துக்கும் நிதி ஆன்லைனில் சேரும். சென்னையிலும் நடக்கிறது. பொருள் கொண்டுபோய்க் கொடுக்க நேரமில்லாதவர்களுக்கு அது நல்ல வழி.

சரக்கு வேறு, வண்டி வேறு

கொடுக்கப் போகும் பொருளை பைக்கில் ஏற்றாதீர்கள். நாற்பது கோரைப்பாயை எட்டு பைக்கில் பிரித்துக் கட்டினால் பார்க்க அழகாக இருக்கும். கொல்லிமலைப் பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவில் அகலமான சுமையோடு திரும்பும்போது எதிரே பஸ் வந்தால், ஒதுங்க அந்த அரையடிதான் இருக்காது. குட்டி யானை என்று சொல்லும் சின்னச் சரக்கு வண்டி ஒன்றைப் பேசிவிடுங்கள். ஓட்டுநர் மலைப்பாதையில் பழகியவராக இருக்கட்டும். வண்டி நமக்கு முன்னால் கிளம்பி மேலே போய் நிற்கட்டும். பஞ்சர், காயம் என்றால் பைக்கையும் ஆளையும் கீழே கொண்டுவரவும் அதுவே ஆகும்.

பைக்கில் உங்கள் சொந்தச் சாமான் மட்டும். கனமானது கீழே, உங்களுக்கு நெருக்கமாக. லேசானது மேலே, பின்னால். இரண்டு பக்கப் பையும் ஒரே எடையாக இருக்கட்டும். கொக்கி வைத்த ரப்பர் கயிற்றை நான் விற்கிறேன், ஆனாலும் அதை மட்டும் நம்பாதீர்கள் என்று சொல்லியே விற்கிறேன். கொக்கி கழன்று சக்கரத்தில் சிக்கினால் பின்வீல் அப்படியே பூட்டிக்கொள்ளும். பக்கிள் உள்ள பட்டை நல்லது. அதைவிட மலிவாக, பழைய டியூபை நீளமாகக் கீறி இறுக்கி முடிச்சுப் போட்டால் மேடு பள்ளத்தில் அசையாது. மீதி வாலை உள்ளே செருகிவிடுங்கள். இருபது கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி ஒருமுறை அசைத்துப் பாருங்கள். சுமை முதலில் படிவது அந்தத் தூரத்தில்தான்.

வண்டிக்கு என்ன பார்க்க வேண்டும்? டயர் காற்றுக்கு, ஆள் ஒருவர், இருவர் என்று மேனுவலில் தனித்தனி அளவு போட்டிருப்பார்கள். சுமையோடு போகும்போது இரண்டாவது அளவு. செயினை எண்ணெய் போட்டு, மேனுவல் சொல்லும் தொய்வு விட்டு வையுங்கள். இறுக்கிவிட்டால் சுமை ஏறியதும் இன்னும் இறுகும். பிரேக் ஷூ, பேடு தேய்ந்திருந்தால் ஊரிலேயே மாற்றுங்கள். டிஸ்க் பிரேக் ஆயிலைப் பலர் மறந்தேபோகிறார்கள். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் நீண்ட இறக்கத்தில் சூட்டில் கொதித்துக் குமிழி விடும். லீவர் பிடிப்பில்லாமல் கைப்பிடி வரைக்கும் போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது மலை ஏறுகிறவர்களுக்குக் கட்டாயம்.

கூட எடுத்துப் போக: கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், ஸ்பார்க் பிளக், இரண்டு ஃபியூஸ், கைப்பம்பு, டியூப்லெஸ் என்றால் பஞ்சர் கிட், டியூப் டயர் என்றால் டியூபும் டயர் லீவரும். ஒரே மாடல் வண்டிகள் சேர்ந்து போனால் ஒரு செட் எல்லோருக்கும் போதும்.

மலையேற்றம்

சேலத்திலிருந்து ராசிபுரம், பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி வழியாக அடிவாரத்திலுள்ள காரவள்ளி. நாமக்கல் பக்கமிருந்து வருபவர்களுக்குச் சேந்தமங்கலம் வழி. அடிவாரத்துக்கு முன்பே பெட்ரோல் நிரப்பிவிடுங்கள். காரவள்ளியிலிருந்து அந்த எழுபது வளைவும் வரிசையாக எண் போட்டு வரும். முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு பாதையும் இருக்கிறது.

சமவெளியில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் இடமும் வலமுமாக மாறி மாறிப் போகலாம். மலை தொடங்கியதும் ஒற்றை வரிசை, நல்ல இடைவெளி. முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று அனுபவமுள்ளவர்கள் இருக்கட்டும். திருப்பம் வரும் இடத்தில் இரண்டாவதாக வருபவர் நின்று, கடைசி வண்டி வரும்வரை வழி காட்டிவிட்டுப் பின்னால் சேர்ந்துகொள்ளட்டும். இதை ஒழுங்காகச் செய்தால் போன் போட்டு "எங்கடா இருக்க?" என்று கேட்கும் வேலையே இல்லை.

வளைவுக்குள் போன பிறகு கியர் மாற்றாதீர்கள். முன்பே இரண்டாவதுக்கோ முதலுக்கோ இறக்கி, ஹாரன் அடித்து, உங்கள் இடப்பக்கத்திலேயே திரும்புங்கள். பார்வை முன்சக்கரத்தில் நிற்காமல் சாலை போய் முடியும் இடத்துக்குப் போகட்டும். வண்டி கண்ணைத் தொடரும். ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. பஸ் வளைவில் முழு அகலமும் எடுக்கும், அதனால் பஸ் திரும்பும் சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்பே ஓரமாக நின்றுவிடுங்கள். வளைவுகளில் குரங்குகள் உட்கார்ந்திருக்கும். பையில் வாழைப்பழம் தெரியும்படி நிறுத்தினால் பையோடு போய்விடும். தீனி போடவும் வேண்டாம். பழகிப்போய்ச் சாலைக்கு வந்து வண்டியில் அடிபடுகின்றன.

கூடாரம்

டென்ட் என்றதும் காடு என்று நினைக்கிறார்கள். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைந்து தங்குவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நினைத்தால் இன்றும் மனது கனக்கிறது. ஆகவே யாராவது ஒரு விவசாயியின் பட்டா நிலம், அல்லது ஹோம்ஸ்டே முற்றம். மலைமேல் இருக்கும் செம்மேடு பக்கத்தில் விசாரித்தால் கிடைக்கும். இடத்துக்கு நியாயமான வாடகையும், அவர்கள் வீட்டிலேயே சாப்பாட்டுக்கும் சொல்லிவிடுங்கள். ராகிக்களி, கீரை, முடவாட்டுக்கால் கிழங்கு சூப் என்று அவர்கள் சமைப்பதைச் சாப்பிட்டால் நாம் அடுப்பு தூக்க வேண்டியதில்லை. காசும் மலையிலேயே தங்கும்.

இடம் பார்க்கும்போது முதலில் அண்ணாந்து பாருங்கள். கொல்லிமலையில் பலாமரம் அதிகம். சீசனில் பலாமரத்தடியில் படுப்பது தலையைப் பணயம் வைப்பது. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். அந்த மரத்தில் டென்ட் கயிற்றையோ தூளியையோ கட்டாதீர்கள். கயிறு உரசி நசுங்கிய கொடி காய்ந்துபோகும். அதுதான் அந்தக் குடும்பத்தின் வருமானம். படிக்கட்டு வயலில் மேல் படியில், ஓடைக்குத் தள்ளி டென்ட் போடுங்கள். கீழே ஒரு தார்பாய். அதன் ஓரம் டென்ட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, மழைத்தண்ணீரை அது உள்ளே இழுத்துவிடும். காற்றுத் துளையை மூடாதீர்கள், மூடினால் விடியும்போது உள்ளே சொட்டும். சைடு ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு தட்டைக் கல் வையுங்கள். ராத்திரி பனியில் மண் இளகி வண்டி சாய்வது சகஜம்.

டிசம்பர், ஜனவரியில் நன்றாகக் குளிரும். குளிருக்குத் தீ மூட்டாமல் சென்னிமலைப் போர்வை ஒன்று அதிகமாகக் கொண்டு போங்கள். மழைக்காலத்தில் அட்டை ஏறும், உப்புப் பொட்டலம் கையில் இருக்கட்டும். ஆடிப்பெருக்கு சமயத்தில் வல்வில் ஓரி விழா, அறப்பளீஸ்வரர் கோயில் என்று மலை முழுக்கக் கூட்டம் இருக்கும். அப்போது உதவி ரைடு வேண்டாம்.

இதே முறையில் வேறு மலைக்குப் போகிறவர்கள் அந்தந்த இடத்து விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே முதல் இ-பாஸ் முறை வந்திருக்கிறது. திம்பம் மலைப்பாதை வழியாகத் தாளவாடிப் பக்கம் போவதானால் 2022 முதல் இரவுப் போக்குவரத்துத் தடை இருக்கிறது. பகலிலேயே மேலே ஏறிவிடும்படி கிளம்புங்கள்.

கொடுக்கும் நாள்

முதல் நாள் மாலை தங்கி, மறுநாள் காலை பள்ளிக்குப் போவது சரியாக இருக்கும். வண்டியைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு நடந்து உள்ளே போங்கள். எட்டு சைலன்சர் ஒன்றாக உறுமினால் வகுப்பு கலைந்துவிடும். பொருளை அலுவலகத்தில் எண்ணி ஒப்படைத்து, பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவர் கையிலும் பாயைக் கொடுத்துப் போட்டோ எடுப்பதை நான் அடியோடு எதிர்க்கிறேன். அந்தப் பிள்ளைக்கு நாளைக்கு இருபது வயதாகும். அந்தப் படம் அப்போதும் இணையத்தில் இருக்கும். பாய்க் கட்டையும் பில்லையும் படமெடுத்தால் பணம் கொடுத்தவர்களுக்கு அது போதும். நேரமிருந்தால் நெட்டைக் கட்டி, பிள்ளைகளோடு ஒரு ஆட்டம் வாலிபால் ஆடுங்கள்.

மதியத்துக்குள் இறங்கத் தொடங்குங்கள். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பாதிப் பிடிப்பை இன்ஜின் பார்த்துக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுபவர்கள் இருக்கிறார்கள். இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கியரில் ஆக்சிலேட்டரை மூடிவிட்டு இறங்கினால் இன்ஜினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடும், நியூட்ரலில்தான் செலவாகும். பிரேக்கை அழுத்திக்கொண்டே வராமல், பிடித்து விட்டு, பிடித்து விட்டு வாருங்கள். கருகல் வாசனை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றக் கூடாது. காரவள்ளியில் டீ குடிக்கும்போது டயரையும் கட்டுகளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தலைமையாசிரியருக்குப் பத்திரமாக இறங்கிவிட்டோம் என்று சொல்லிவிடுங்கள். வீடு வந்ததும் அன்று ராத்திரியே கணக்கைக் குரூப்பில் போடுங்கள், மீதிப் பணம் எவ்வளவு, அது யாரிடம் இருக்கிறது என்பதையும் சேர்த்து.