கையால் சால்டர் செய்த சர்க்யூட் போர்டில் ஷார்ட்டைப் பிடிக்க

புது போர்டுக்குக் கரன்ட் கொடுக்கும் முன் மல்டிமீட்டரை பீப் ஒலியில் வைத்து பிளஸ், கிரவுண்டு இரண்டையும் தொடுங்கள். ஒரு கணம் மட்டும் கத்தி நின்றால் கெபாசிட்டர் சார்ஜ் ஆகிறது, பயமில்லை. விடாமல் கத்தினால் ஷார்ட்தான், அதாவது பிளஸ்ஸும் கிரவுண்டும் எங்கோ நேராக இணைந்திருக்கின்றன.

முதலில் பழைய டூத் பிரஷ்ஷால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு ஃப்ளக்ஸை (ஈயம் நன்றாக ஒட்டத் தடவும் பசை) தேய்த்துக் கழுவி, லென்ஸில் ஐசி கால்களுக்கு நடுவே பாருங்கள். பாதி கேஸ் இங்கேயே முடிந்துவிடும். இரண்டு கால்களை இணைக்கும் ஈயப் பாலம் தெரிந்தால் கொஞ்சம் ஃப்ளக்ஸ் தடவி, சுத்தமான சால்டரிங் முனையால் இழுத்துவிட்டாலே போதும்.

கண்ணுக்குத் தெரியவில்லையா? கரன்ட் லிமிட் உள்ள பவர் சப்ளையில் 1 வோல்ட், 1 ஆம்பியர் வைத்து அந்த பிளஸ் லைனில் கொடுங்கள். வோல்டேஜைக் கூட்டாதீர்கள், நல்ல ஐசியும் போய்விடும். போர்டு மேல் ஆல்கஹாலை மெல்லிசாகப் பூசினால், சூடாகும் இடம் முதலில் உலரும். (சால்டரிங் அயர்ன் பக்கத்தில் வேண்டாம், தீப்பிடிக்கும்.)

சூடே தெரியாவிட்டால், சப்ளை ஓடும்போதே மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை சப்ளையின் மைனஸில் பிடித்துக்கொண்டு சிவப்பை பிளஸ் லைன் நெடுக நகர்த்துங்கள். ஷார்ட்டை நெருங்க நெருங்க அளவு குறையும், அதைத் தாண்டினால் அப்படியே நிற்கும்.

அப்புறம், டேன்டலம் கெபாசிட்டரில் கோடு போட்ட பக்கம் பிளஸ். திருப்பி வைத்தால் ஈயம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஷார்ட் ஆகிவிடும்.